மீன் அக்காவின் டிபன் பாக்ஸும் மற்றவையும்

தண்டையார்பேட்டையில் எங்கள் சந்தில் இருக்கும் எல்லாருக்கும்,

பாப்பாவுக்கு ஏழு மாதம் ஆகிறது. இதை எழுத இப்போதுதான் கை வந்தது.

மூன்றாவது வாரம் பால் கட்டிக்கொண்டு, காம்பு வெடித்து, குழந்தை வாய் வைத்தாலே எனக்கு உடம்பு நடுங்கும். விடியற்காலையில் காசிமேட்டுக்கு ஐஸ் வண்டிகள் போகும் சத்தம் கேட்கும்வரை உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பேன். வந்தவர்கள் எல்லாம் கேட்டது ஒன்றுதான்: "பால் ஊறுதா?"

நர்ஸம்மா, நீங்கள் மட்டும்தான் "நீ எப்படிம்மா இருக்கே?" என்று கேட்டீர்கள். காம்பை மட்டுமல்ல, அதைச் சுற்றியுள்ள கருவட்டத்தையும் சேர்த்துக் குழந்தை வாயில் கொடுக்கச் சொல்லித் தந்தீர்கள். அப்புறம், மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்கும் அந்தப் பத்துக் கேள்வித் தாள். கடைசிக் கேள்வி, என்னை நானே ஏதாவது செய்துகொள்ளத் தோன்றியதா என்பது. நான் பதில் சொல்லவில்லை. நீங்கள் பேனாவை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தீர்கள். மறுநாள் ஆட்டோவில் நீங்களே கூட வந்தீர்கள்.

டாக்டரம்மா, முதல் இரண்டு வாரம் அழுகை வருவது சகஜம், அதற்கு மேலும் போனால் வைத்தியம் வேண்டும் என்றீர்கள். தாய்ப்பால் கொடுத்தால் மனச்சோர்வே வராது என்று சொல்லியிருந்தார்களே என்று கேட்டேன். இங்கிலாந்தில் சுமார் 14,000 பிரசவங்களை வைத்துச் செய்து 2014-இல் வெளிவந்த ஆய்வைச் சொன்னீர்கள். கொடுக்க நினைத்துக் கொடுத்தவர்களுக்கு மனச்சோர்வு குறைவு, ஆசைப்பட்டும் முடியாமல் போனவர்களுக்குத்தான் அதிகமாம். அது நான்தான். மனச்சோர்வுக்கு நீங்கள் எழுதிக் கொடுத்த செர்ட்ரலின் மாத்திரை பாலில் மிகக் கொஞ்சமே போகும், நிறுத்தாமல் கொடு என்று நீங்கள் சொன்ன பிறகுதான் மாத்திரையைத் தொட்டேன்.

அத்தை, பவுடர் டின்னைப் பார்த்து முதலில் முகம் சுளித்தீர்கள். சரி, அது பழைய கதை. ராத்திரி ஒரு மணிக்குப் பாலாடையை வெந்நீரில் கொதிக்கவைத்து உங்கள் பிள்ளை கையில் கொடுத்தது நீங்கள்தான். எனக்கு நாலு மணி நேரத் தூக்கம் கிடைத்தது.

மீன் அக்கா, பூண்டை அள்ளிப் போட்டுச் சுறாப்புட்டு கொண்டுவந்து, "பால் ஊறாட்டி போவுது, நீ துண்ணு" என்றாயே. புட்டால் பால் கூடியதோ இல்லையோ, அன்றைக்குத்தான் ஒரு தட்டுச் சோறு முழுசாக இறங்கியது.

எதிர்வீட்டுத் தங்கச்சிக்கு இது எட்டாவது மாதம். அவளுக்கும் நம் சந்தில் மற்றவர்களுக்கும்: மனசு சரியில்லை என்றால் கூப்பிட, அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416. எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

அக்கா, உன் டிபன் பாக்ஸ் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. வெறும் பாத்திரமாகத் திருப்பித் தரக்கூடாதே என்றுதான் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கேசரி போட்டு எடுத்து வருகிறேன், பாப்பாவையும் தூக்கிக்கொண்டு.