மாட்டடோர் மேல் தப்பில்லை

அன்புள்ள பாலா,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்ததில் எழுத உட்கார முடியவில்லை. இப்போது நன்றாக இருக்கிறார். டிவி பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதை மட்டும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உனக்குத் திருச்சிக்கு மாற்றல் கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். "இனிமேல் பொங்கலுக்காவது வருவாரா, கேட்டு எழுதுங்கள்" என்று வீட்டில் உத்தரவு. கேட்டுவிட்டேன்.

சரி, உன் புலம்பலுக்கு வருகிறேன். இந்த வயதில் 'ஷின் மெகாமி டென்செய் 3: நாக்டர்ன்' என்ற வீடியோ கேம் விளையாட உட்கார்ந்ததற்கே உனக்கு ஒரு கும்பிடு. போயும் போயும் மாட்டடோர் என்ற பாஸிடம் (வழிமறிக்கும் பெரிய எதிரி) மாட்டிக்கொண்டு, பாதிக் கடிதத்தை அந்த எலும்புக்கூட்டை அநியாயக்காரன் என்று திட்டவே செலவழித்திருக்கிறாய். அவனிடம் முதல் தடவையே ஜெயித்த ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், 2003-இல் ஜப்பானில் முதலில் வந்த ஆட்டத்தில் அவன் இல்லவே இல்லை. அடுத்த வருடம் 'மேனியாக்ஸ்' என்று அதை உருவாக்கிய அட்லஸ் நிறுவனத்தார் ஒரு பதிப்பு போட்டார்கள், அதில்தான் வந்து சேர்ந்தான். நம் கைக்கு வந்ததெல்லாம் அந்த வழியில் வந்தவைதான்.

ஆனால் அவனை அநியாயக்காரன் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கணக்கைப் பார். உன் அணியில் நாயகனும் மூன்று பூதங்களுமாக நான்கு பேர், ஆகவே நான்கு டர்ன் (அடிக்கும் வாய்ப்பு). எதிராளியின் பலவீனத்தைத் தொட்டால் பாதி டர்ன்தான் செலவு. அடி தவறினால் ஒன்றுக்கு இரண்டாகப் போய்விடும். இந்த விதியை ஆட்டம் உனக்கு ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறது. மாட்டடோர் ரெட் கபோட் என்ற வித்தையைப் போட்டதும் அவன் விலகித் தப்பிக்கும் திறன் உச்சத்துக்குப் போகிறது. நீ ஓங்கி அடிக்கிறாய், படவில்லை. இன்னொன்று அடிக்கிறாய், அதுவும் படவில்லை. முடிந்தது உன் முறை. நான்கு பேரில் இரண்டு பேருக்குக் கையைத் தூக்கவே வாய்ப்பில்லை. அடுத்து அவன் மசான் என்ற ஃபோர்ஸ் மந்திரத்தைப் போடுகிறான். உன் பூதங்களில் ஒன்றாவது ஃபோர்ஸ் மேஜிக்குக்குப் பலவீனமாக இருந்தால், அவனுக்குக் கூடுதலாக இன்னொரு அடி. நீ எந்த விதியில் விளையாடுகிறாயோ, அதே விதியில்தான் அவனும் விளையாடுகிறான். உன்னைவிட நன்றாக விளையாடுகிறான், அவ்வளவுதான்.

நமக்கு அது அநியாயமாகப் படுவதற்குக் காரணம் வேறு. மற்ற ஜப்பானிய ஆர்.பி.ஜி.க்களில் (பாத்திரமேற்று ஆடும் வீடியோ கேம்களில்) நாம் பழகிய பழக்கம் அப்படி. பாஸ் மேல் தூக்கம், விஷம், ஊமையாக்குவது எதுவும் செல்லாது என்று பல வருடம் பார்த்துப் பார்த்து, அந்த மெனு பக்கமே நாம் போவதில்லை. இருப்பதில் பெரிய அடியை அடிப்பது, ஹெச்பி (உயிர்ப் புள்ளி) குறைந்தால் குணமாக்குவது, இதுதான் நம் வித்தை முழுவதும். நாக்டர்னில் எதிரியின் விலகித் தப்பிக்கும் திறனைக் குறைக்கும் சுகுண்டா மந்திரம் பாஸ் மேலும் செல்லும். அதை அடுக்கடுக்காகப் போட்டால் அவன் ரெட் கபோட்டில் ஏற்றிக்கொண்டது இறங்கும். ஃபோர்ஸைத் தடுக்கும் மாகதாமாவை (நாயகனுக்குச் சக்தி தரும் பொருள்) போட்டுக்கொள். ஃபோர்ஸுக்குப் பலவீனமான பூதங்களை வெளியே அனுப்பிவிடு. சண்டை வேறு மாதிரி ஆகிவிடும். நீ இத்தனை நாள் "தேவையில்லை" என்று ஒதுக்கிய மேஜிக்கை எடுக்க வைக்கத்தான் அவனை அந்த வழியில் நிறுத்தியிருக்கிறார்கள்.

அந்த ஆட்டத்தில் எனக்குப் பிடிக்காத இடம் வேறு. மூன்று பூதங்களும் முழு ஹெச்பியோடு நின்றுகொண்டிருக்கும்போது நாயகன் ஒருவன் விழுந்தால் கேம் ஓவர். வழியில் போகிற சாதாரண எதிரி ஒன்று முதல் முறையைத் தட்டிக்கொண்டு, ஒரு மரண மந்திரத்தைப் போட்டு, அது பலித்துவிட்டால் போச்சு, கடைசியாக சேவ் செய்த டெர்மினலுக்கு நடையைக் கட்ட வேண்டியதுதான். பெர்சோனா 3-இலும் இதே கதை. அங்கே அணியில் உள்ளவர்கள் கையில் உயிர்ப்பிக்கும் மருந்து இருந்தாலும் நாயகனுக்குப் போட மாட்டார்கள்! பின்னால் வந்த அட்லஸ் ஆட்டங்கள் பலவற்றிலும் இந்த வழக்கம் தொடர்ந்தது.

நீ யூனலெஸ்கா என்ற பாஸையும் அதே அநியாயப் பட்டியலில் சேர்த்திருக்கிறாய். அவள் விஷயத்தில் நான் பாதிதான் உன் கட்சி. அவள் வரும் ஃபைனல் ஃபேன்டஸி 10-இல் வரிசையைக் கவனித்தாயா? முதலில் ககாஸெட் மலையில் சீமோர். அவன் ஒருவரை ஸோம்பி ஆக்கி, அப்புறம் அவர் மேல் ஃபுல்-லைஃப் போட்டுக் கொல்கிறான். குணமாக்கும் மேஜிக் ஸோம்பிக்கு விஷம் அல்லவா? அங்கே அடி வாங்கியவன் என்ன கற்றுக்கொள்வான்? ஸோம்பி ஆனதும் உடனே ஹோலி வாட்டரை ஊற்று என்று. நல்ல பாடம். அடுத்து ஸனார்கண்டில் இந்த அம்மாள் இரண்டாவது உருவத்தில் ஹெல்பைட்டர் போட்டு எல்லோரையும் ஸோம்பி ஆக்குகிறாள். நீ படித்த பாடப்படி பொறுப்பாக மூன்று பேரையும் சுத்தமாக்கி வைக்கிறாய். மூன்றாவது உருவத்துக்கு மாறியதும் மெகா டெத் என்ற மரண மந்திரம். ஸோம்பியாக இருப்பவனுக்கு ஒன்றும் ஆகாது. நல்லபடியாக இருப்பவன் செத்தான். சோம்பேறித்தனமாக ஒருவனை அப்படியே விட்டிருந்தவன் பிழைத்தான்.

இதை யோசித்தவர் அன்றைக்குச் சிரித்துக்கொண்டேதான் வீட்டுக்குப் போயிருப்பார். எனக்கும் இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் விடை செத்தபின்தான் தெரியும் என்கிற விடுகதை அது, முன்கூட்டி ஊகிக்க ஒரு துப்பும் இல்லை. அதுகூடப் பரவாயில்லை. பிளேஸ்டேஷன் 2-இல் அந்தச் சண்டைக்கு முன்னால் வரும் நீளமான கட்சீனை (கதைக் காட்சி) தாண்டவே முடியாது. ஒவ்வொரு தடவை தோற்றாலும் அந்தத் தியாகப் பேச்சு முழுவதையும் மறுபடி கேட்க வேண்டும். முதல் தடவை கண் கலங்கிய காட்சி அது. ஐந்தாறு தடவை கேட்டபின் யாருக்கு யார் தியாகம் செய்தால் எனக்கென்ன என்று ஆகிவிடுகிறது. கிங்டம் ஹார்ட்ஸ் முதல் ஆட்டத்திலும் இதே பிரச்சினை இருந்தது. பின்னால் வந்த பதிப்பில்தான் காட்சிகளைத் தாண்டும் வசதி கொடுத்தார்கள்.

ஆக, என் கட்சி இதுதான்: பாஸ் எவ்வளவு வேண்டுமானாலும் பலசாலியாக இருக்கட்டும். தோற்றால் என்ன பறிபோகிறது, தோற்றதிலிருந்து எனக்கு ஏதாவது தெரிய வந்ததா, இந்த இரண்டையும் வைத்துத்தான் நியாயம் அநியாயம் பேச வேண்டும்.

அப்படிப் பார்த்தால் உண்மையான அநியாயம் என்று நான் சொல்வது ஃபைனல் ஃபேன்டஸி டாக்டிக்ஸின் ரியோவேன்ஸ் கோட்டை. 1997 ஆட்டம். பர்மா பஜாரில் வாங்கிவந்த டிஸ்க், உனக்கு நினைவிருக்கும். ஒன்றன்பின் ஒன்றாக மூன்று கட்டச் சண்டைகள். கோட்டை வாசலில் ஒன்று. அதில் ஜெயித்ததும், "சேவ் செய்கிறாயா?" என்று ஆட்டமே அன்பாகக் கேட்கும். செய்தாயோ, தொலைந்தாய். அதன் பிறகு வரைபடத்துக்குத் திரும்ப முடியாது, கடைக்குப் போக முடியாது, வேறெங்கும் சண்டை போட்டு லெவல் ஏற்றிக்கொள்ளவும் முடியாது. உள்ளே நாயகன் ராம்சா மட்டும் தனியாக வீக்ராஃப் என்ற வாள்வீரனோடு மோத வேண்டும். அதுவரை உன் இஷ்டப்படி ராம்சாவை மந்திரவாதியாக வளர்க்க விட்டவர்கள், இங்கே ஒண்டிக்கு ஒண்டி வாள் சண்டைக்கு அனுப்புகிறார்கள். வீக்ராஃப் லைட்னிங் ஸ்டாப் இரண்டு தடவை போட்டால் மந்திரவாதி காலி. எப்படியோ தப்பித்து அவனை வீழ்த்தினால், அவன் வெலியஸ் என்ற அசுரனாக எழுந்து நிற்பான். இடையில் சேவ் கிடையாது.

ஒரே ஒரு சேவ் வைத்திருந்தவன் கதை அங்கேயே முடிந்தது, முதலிலிருந்துதான். பிளேஸ்டேஷன் மெமரி கார்டில் இருப்பதே 15 பிளாக். அதில் உன் அண்ணனின் கால்பந்து லீக் எத்தனை பிளாக்கை விழுங்கியிருந்தது என்று நீயே சொல்லிச் சொல்லி மாய்ந்தாய். இரண்டாவது சேவுக்கு எங்கே போவது? பரீட்சை மணி அடித்துக் கதவைப் பூட்டியபின் "பேனா கொண்டுவந்தாயா?" என்று கேட்கிற வாத்தியார் மாதிரிதான் அந்த ஆட்டம் நடந்துகொண்டது.

அங்கே ஒரு குறுக்குவழி உண்டு, உனக்கே தெரியும். ராம்சாவுக்கு 'யெல்' என்று ஒரு வித்தை, போட்டால் வேகம் ஒன்று கூடும். ஓடி ஓடி அதையே போட்டுக்கொண்டிருந்தால் கொஞ்ச நேரத்தில் வீக்ராஃப் ஒரு தடவை நகர்வதற்குள் நீ இரண்டு மூன்று தடவை அடிக்கலாம். அதன் பிறகு பார்த்தால் பாவம், அவனுக்குத்தான் நடக்கிறது அநியாயம். இப்படி ஒரு ஓட்டையும் இல்லாத இடம் அடுத்த கட்டம், கோட்டை மொட்டைமாடி. அங்கே ரஃபா என்ற பெண்ணைக் காப்பாற்ற வேண்டும். அந்தப் பெண்ணோ நம் பேச்சைக் கேட்காமல், தானாகவே கொலைகாரிகளுக்கு நேராக ஓடும். சில சமயம் நாம் ஒரு பொத்தானை அழுத்துவதற்குள் அவள் விழுந்து கேம் ஓவர் ஆகிவிடும். அந்தத் தோல்வியிலிருந்து என்ன கற்றுக்கொள்வது? 2025-இல் 'தி ஐவலிஸ் கிரானிக்கிள்ஸ்' என்ற பெயரில் அதைப் புதுப்பித்து, கடினத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியும் தானாக சேவ் ஆகும் வசதியும் சேர்த்து வெளியிட்டார்கள். உன் அண்ணனுக்கு இனி மன்னிப்பு உண்டு.

இன்னும் பின்னால் போனால் டிராகன் குவெஸ்ட் 2, 1987. இந்த வகை ஆட்டங்களுக்கு வழிபோட்ட முதல் டிராகன் குவெஸ்ட்டில் (1986) செத்தால் ராஜா உன்னைக் கடிந்துகொள்வார், பணத்தில் பாதி போகும், ஆனால் சேர்த்த அனுபவப் புள்ளிகள் அப்படியே இருக்கும். தோற்றாலும் கொஞ்சம் வளர்ந்துதான் திரும்புவாய். திறமை இல்லாதவனும் பொறுமையாக லெவல் ஏற்றினால் முடித்துவிடலாம். ஜப்பானிய ஆர்.பி.ஜி.யில் மற்றவர்கள் சிரிக்கும் அந்த கிரைண்டிங்தான், என்னைக் கேட்டால், அந்த வகை தந்த பெரிய தாராளம். அதே கைகள் அடுத்த வருடமே ரோண்டார்கியா பனிப்பீடபூமியைக் கட்டின. ஒரே மந்திரத்தில் அணியையே சாய்க்கும் எதிரிகள், கடைசி பாஸாக சிடோ. அவன் பெஹோமா போட்டு தன் ஹெச்பியை முழுவதும் நிரப்பிக்கொள்வான். ஃபேமிகாம் என்ற அந்தக் காலத்து கேம் கருவியில் அந்த எண்ணை ஒரு பைட்டுக்குள் அடக்கியதால் 255-ஐத் தாண்ட முடியவில்லை, அந்தக் குறையை ஈடுகட்டத்தான் பெஹோமாவைக் கொடுத்தார்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். போதாததற்கு சேவ் என்பது தாளில் எழுதி வைக்கும் கடவுச்சொல். 52 எழுத்து வரை போகும். ஒரு எழுத்தைப் பிழையாகக் குறித்துவைத்தால் உன் உழைப்பு அத்தனையும் அம்போ. அந்த ஊர்ப் பிள்ளைகள் அதையும் முடித்திருக்கிறார்கள், யோசித்துப் பார்.

இப்போதைய ஆட்டங்களில் எனக்குப் பெரிய குறை இல்லை. ஃபைனல் ஃபேன்டஸி 13-ஐ ஆளாளுக்குத் திட்டுவார்கள், ஆனால் 2009-லேயே தோற்றால் சண்டைக்கு முந்தின நொடியிலிருந்து மறுபடி தொடங்க விட்டார்கள். அந்த ஒரு வசதியால் பாஸ்களைத் தைரியமாகக் கடினமாக்க முடிந்தது. 2024-இல் வந்த 'மெட்டஃபர்: ரீஃபேன்டாஸியோ'வில் சண்டை நடுவிலேயே "இது சரிப்படாது" என்று முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். அட்லஸ்காரர்களே இப்படி இறங்கி வந்துவிட்டார்கள்! ஆனால் ஷின் மெகாமி டென்செய் 5-இல் லெவல் வித்தியாசத்துக்கு அளவுக்கு மீறிய மதிப்பு கொடுத்திருப்பது எனக்கு உறுத்துகிறது. பாஸ் உன்னைவிடச் சில லெவல் மேலே இருந்தால் உன் அடி பலவீனமாகி, அவன் அடி கனமாகிவிடும். நீ எவ்வளவு யோசித்து ஆடினாலும் சரி. மாட்டடோரிடம் மூளை செல்லுபடியானது, இங்கே பல இடத்தில் எண்தான் பேசுகிறது.

நீ விளையாடும் நாக்டர்ன் ரீமாஸ்டரில் (புதுப்பித்த பதிப்பு) 'மெர்சிஃபுல்' என்று ஒரு எளிய நிலை இலவசமாகத் தரவிறக்கக் கிடைக்கிறது. மாட்டடோருக்குப் பிறகு வேண்டுமானால் அதற்கு மாறிக்கொள், யாரும் கேட்கப் போவதில்லை. அவனை மட்டும் அப்படி முடிக்காதே.

மகள் பெர்சோனா 3 ரீலோட் விளையாடுகிறாள். பாஸ் வந்ததும் போனை எடுத்து பலவீனம் என்ன என்று தேடிவிட்டுத்தான் முதல் அடியே. நான் ஒன்றும் சொல்வதில்லை. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கும் அதே முறையைக் கையாளாமல் இருந்தால் சரி.

பொங்கலுக்கு வருவதாக இருந்தால் முன்கூட்டியே எழுது. வரும் வழியில் மணப்பாறை முறுக்கு இரண்டு பாக்கெட் வாங்கி வா. அம்மா கேட்டார்.

அன்புடன்,
சேகர்

பி.கு.: மாட்டடோர் ரெட் கபோட் போட்ட உடனே பதறி அடிக்கப் போகாதே. அந்த முறை முழுவதும் சுகுண்டாவுக்கே கொடு. அடுத்த கடிதத்தில் அவனைத் திட்டாமல் எழுது.