சுவரைப் பார்த்து டிரில் வாங்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆயுத பூஜையும் தீபாவளியும் நெருங்கும் நாட்களில் கிருஷ்ணகிரி, தருமபுரிக் கடைவீதிகளிலும், செய்தித்தாளோடு சேர்ந்து வரும் துண்டு விளம்பரங்களிலும், கைபேசியில் வந்து விழும் தள்ளுபடி அறிவிப்புகளிலும், பேட்டரியில் இயங்கும் துளையிடும் கருவியான கார்ட்லெஸ் டிரில் முக்கிய இடம் பிடித்துவிடுகிறது. வீட்டு வேலையைத் தாமே செய்துகொள்ள வேண்டும் என்ற விருப்பம் நம் குடும்பங்களில் வளர்ந்திருப்பதை மனதார வரவேற்கிறேன். ஆனால் பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்ட வோல்ட் எண்ணை மட்டும் நம்பி வாங்கி வந்து, முதல் ஜன்னலுக்குத் திரைக்கம்பி மாட்டும்போதே மனம் நொந்துபோகிறவர்களை எங்கள் காவேரிப்பட்டணம் பகுதியில் தொடர்ந்து பார்க்கிறேன். ஓசூரில் தொழிற்சாலைப் பராமரிப்புப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இக்கருவியை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது என்பதைத் தங்கள் வாசகர்களுக்குச் சொல்வது என் கடமை என்று கருதுகிறேன்.

கடைக்குப் போகும் முன் நம் வீட்டுச் சுவர் எதனால் ஆனது என்று தெரிந்துகொள்ள வேண்டும். சூளைச் செங்கல், சாம்பல் செங்கல், சிமெண்ட் ஹாலோ பிளாக், பழைய வீடுகளில் கருங்கல் என்று இங்கே ஒரே தெருவில் பல வகைச் சுவர்கள் உண்டு. செங்கல் சுவரில் 6 மி.மீ. பிட்டை (கருவியின் முனையில் மாட்டும் துளையிடும் கம்பியை) வைத்து அழுத்தினால் முதலில் பூச்சின் சாம்பல் நிறத் தூள் கொட்டும்; பூச்சைத் தாண்டியதும் தூள் செம்மண் நிறத்துக்கு மாறும், பிட்டும் சிரமமின்றி உள்ளே இறங்கும். ஹாலோ பிளாக்கில் ஓரிரு அங்குலம் சென்றதும் பிட் திடீரென்று வெற்றிடத்தில் விழுவது கைக்கே தெரியும். அங்கே ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ளத் துளையில் செருகும் சாதாரண ராவல் பிளக் பிடிக்காது. உட்புறம் விரிந்து பற்றிக்கொள்ளும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். இந்தச் சுவர்களில் கடிகாரம், அலமாரி, துணி மாட்டும் கொக்கி ஆகியவற்றை மாட்டுவதற்கு சுழலும்போதே தட்டவும் செய்யும் ஹாமர் வசதி உள்ள தரமான 12 வோல்ட் கருவியே போதும். 18 வோல்ட் இருந்தால் வேலை விரைவாக முடியும், அவ்வளவுதான்.

சிக்கல் தொடங்குவது ஜன்னலுக்கு மேலேதான். திரைக்கம்பியின் தாங்கி வரும் இடம் பெரும்பாலும் ஜன்னலுக்கு மேல் குறுக்கே போடும் லிண்டல் கான்கிரீட்டின் மேல் அமைகிறது. அங்கே தூள் கடைசிவரை சாம்பல் நிறத்திலேயே வரும்; பிட் ஜல்லியில் முட்டியதும் ஒலி கீச்சென்று மாறும்; விடாப்பிடியாக அழுத்தினால் முனை சூடேறி நீலம் பாரித்து, பிட் வீணாகிவிடும். கருங்கல்லில் இருக்கும் குவார்ட்ஸ் கனிமத்தின் கடினம் மோஸ் அளவுகோலில் 7 ஆகும். சாதாரண எஃகினால் அதைக் கீற முடியாது. கிரானைட்டுக்குப் பேர்போன நம் மாவட்டத்தில் கான்கிரீட்டில் விழும் ஜல்லியும் குவாரியில் உடைத்த கல்தான் என்பதை மறக்கக் கூடாது.

இந்த இடத்தில் 'ஹாமர்' என்ற ஒரே சொல்லால் விற்கப்படும் இரண்டு வெவ்வேறு இயந்திரங்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வீட்டு உபயோகக் கார்ட்லெஸ் டிரில்லில், பிட்டைக் கவ்விப் பிடிக்கும் சக்குக்குப் பின்னால் பல் வெட்டிய இரண்டு உலோக வளையங்கள் இருக்கும். ஹாமர் நிலையில் ஒன்றன் பல் மற்றொன்றின் பல்மீது ஏறி இறங்குவதால் பிட் அதிர்கிறது. நிமிடத்துக்குப் பல்லாயிரம் தட்டுகள் விழுந்தாலும் ஒவ்வொரு தட்டின் வலுவும் மிகச் சிறியது. நாம் கையால் எவ்வளவு அழுத்துகிறோமோ அந்த அளவுக்குத்தான் பலன். ரோட்டரி ஹாமர் வேறு வகை. அதில் மோட்டார் ஒரு பிஸ்டனை முன்னும் பின்னும் இயக்க, உருளைக்குள் அடைபட்ட காற்று அமுங்கி, ஓர் எஃகுத் துண்டை எறிந்து பிட்டின் பின்புறத்தில் ஓங்கி அடிக்கிறது. அடியின் வலுவை ஜூல் கணக்கில் குறிப்பார்கள். 2 அல்லது 3 ஜூல் இருந்தால் வீட்டுக் கான்கிரீட் வேலைகளுக்குத் தாராளம். அழுத்தவே வேண்டியதில்லை, நேராகப் பிடித்தால் போதும். அதற்கான எஸ்.டி.எஸ். பிட்டின் அடிப்பகுதியில் காடிகள் வெட்டியிருக்கும். அவற்றால்தான் அடி வாங்கும்போது முன்னும் பின்னும் நகர்கிறது. சாதாரண சக்கில் அதை மாட்டிப் பயனில்லை.

ஆகவே, 'கான்கிரீட்டில் போகுமா?' என்று கேட்கும் வாடிக்கையாளரிடம் 'தாராளமாகப் போகும்' என்று சொல்லிச் சிறிய கார்ட்லெஸ் ஹாமர் டிரில்லைத் தலையில் கட்டுவது முறையல்ல. ஓரிரு சிறு துளைகள், புதிய பிட், நிறைய பொறுமை ஆகியவை இருந்தால் போகலாம். லிண்டல் முழுவதும் வரிசையாகத் துளையிட முடியாது. லிண்டல் ஜன்னல் அகலத்துக்கு மட்டும் போடப்பட்ட வீடாக இருந்தால், தாங்கியை அதற்கு மேலுள்ள செங்கல் வரிசைக்கு உயர்த்திவிடலாம். லிண்டல் வீட்டைச் சுற்றிப் பட்டையாக ஓடும் வீடுகளிலும், கல்தூண் வைத்துக் கட்டிய பழைய வீடுகளிலும், ரோட்டரி ஹாமர் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனை அழைத்து எல்லாத் துளைகளையும் ஒரே நாளில் போட்டுக்கொள்வதே சிக்கனம். ஆண்டுக்கு ஒரு முறை வரும் கான்கிரீட் வேலைக்காகப் பெரிய இயந்திரத்தைச் சொந்தமாக வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்தது வோல்ட் கணக்கு. மக்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். பேட்டரிக்குள் இருப்பவை லித்தியம் அயான் செல்கள். ஒவ்வொரு செல்லும் சராசரியாக 3.6 வோல்ட் தரும்; முழு சார்ஜில் 4.2 வோல்ட் வரை காட்டும். ஐந்து செல்களைத் தொடராக இணைத்தால் சராசரிக் கணக்கில் 18, முழு சார்ஜ் கணக்கில் 21. ஆக 18 வோல்ட், 20 வோல்ட், 21 வோல்ட் என்று மூன்று பெட்டிகளில் அச்சிட்டிருந்தாலும் உள்ளே இருப்பது அதே ஐந்து செல்தான். 21 என்று போட்டது 18 என்று போட்டதைவிட வலுவானது என்று நினைத்துக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. மூன்று செல் கருவியையே 10.8 என்றும் 12 என்றும் குறிக்கிறார்கள். இதுவரையிலாவது கணக்கு பொருந்துகிறது. பெயர் தெரியாத பெட்டிகளில் 48, 88 என்றெல்லாம் அச்சிடுகிறார்களே, அதற்கு எந்தக் கணக்கும் பொருந்தாது. முழு சார்ஜ் கணக்கில் பார்த்தால்கூட 48 வோல்ட்டை எட்ட 12 செல்களாவது வேண்டும். வழக்கமான 18650 வகைச் செல் 18 மி.மீ. விட்டமும் 65 மி.மீ. நீளமும் கொண்டது, ஒன்றின் எடை சுமார் 45 கிராம். பன்னிரண்டு செல் என்றால் செல்கள் மட்டுமே அரை கிலோவைத் தாண்ட வேண்டும். கடையிலேயே பேட்டரியைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் அச்சிட்ட எண் உண்மையா என்று கைக்குத் தெரிந்துவிடும்.

வோல்ட்டோடு ஆம்பியர்-அவரையும் பார்க்க வேண்டும். இரண்டையும் பெருக்கினால் வருவது வாட்-அவர்; பேட்டரியில் எவ்வளவு மின்சாரம் அடங்கியிருக்கிறது என்பதை அதுதான் காட்டும். 18 வோல்ட், 2 ஆம்பியர்-அவர் என்றால் 36 வாட்-அவர். வீட்டுக்கு அது போதும். 18650 அளவுள்ள செல் ஒன்றில் பெரும்பாலும் 3.5 ஆம்பியர்-அவருக்கு மேல் அடங்குவதில்லை. எனவே அத்தகைய ஐந்து செல்கள் மட்டுமே கொண்ட மெல்லிய பேட்டரியில் '6 ஆம்பியர்-அவர்' என்று அச்சிட்டிருந்தால் நம்ப வேண்டாம். லித்தியம் பேட்டரிகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு கட்டாயம்; ஐ.எஸ். 16046 என்ற தர எண்ணும், ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் பேட்டரியின் மேல் இருக்கின்றனவா என்று பார்ப்பதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.

பேட்டரியைப் பேணுவதில் இன்னும் பழைய பழக்கங்களே தொடர்கின்றன. 1961ஆம் ஆண்டு பிளாக் அண்டு டெக்கர் நிறுவனம் முதல் கார்ட்லெஸ் டிரில்லை வெளியிட்டபோது அதில் இருந்தது நிக்கல் காட்மியம் பேட்டரி. 'சுத்தமாகத் தீர்ந்த பிறகுதான் சார்ஜ் போட வேண்டும்' என்ற அறிவுரை அந்தப் பேட்டரிகளின் காலத்தில் வந்தது. லித்தியத்துக்கு அது நேர்மாறான கேடு. முழுவதும் தீரவிட்டு மாதக்கணக்கில் போட்டுவைத்தால் பிறகு சார்ஜே ஏறாமல் போகலாம். பாதி சார்ஜில், நிழலில், கருவியிலிருந்து கழற்றி வைப்பதே சரி. சித்திரை, வைகாசி வெயிலில் ஸ்கூட்டரின் இருக்கைக்கு அடியிலும், தகரக் கொட்டகைப் பரணிலும் பேட்டரியை வைப்பதைத் தவிர்க்க வேண்டும். லித்தியம் செல்லின் ஆயுளைக் குறைப்பதில் வெப்பத்தின் பங்கு பெரியது. ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் மின்சார ஸ்கூட்டர்கள் தயாராகும் இந்த மாவட்டத்தில், ஸ்கூட்டர் பேட்டரிக்குக் காட்டும் அக்கறையை டிரில் பேட்டரிக்கும் காட்டலாம்.

ஒரு நிறுவனத்தின் பேட்டரி மற்றொன்றின் கருவியில் பெரும்பாலும் பொருந்தாது. ஆகையால் கருவியின் விலையைவிட, தனிப் பேட்டரி என்ன விலை, அது நம் ஊரில் அல்லது குறைந்தது சேலத்திலாவது கிடைக்கிறதா, பழுதுபார்க்கும் நிலையம் எங்கே என்ற கேள்விகளையே முதலில் கேட்க வேண்டும். மூன்று ஆண்டுகள் கழித்துப் பேட்டரி கிடைக்காத கருவி, எவ்வளவு மலிவாக வாங்கியிருந்தாலும் பரணுக்குத்தான் போகும்.

மற்ற அம்சங்களில் அதிகம் குழம்ப வேண்டாம். முறுக்கு விசை 30 நியூட்டன் மீட்டர் இருந்தால் வீட்டுக்குப் போதும், 10 மி.மீ. சக் போதும், பிரஷ் இல்லாத மோட்டார் நல்லது, கட்டாயமில்லை. முடுக்கும் விசையைக் கட்டுப்படுத்தும் கிளட்ச் வளையத்தை மட்டும் பயன்படுத்தப் பழகிக்கொள்ள வேண்டும். சமையலறை அலமாரிக் கீலின் ஸ்க்ரூவைச் சிறிய எண்ணில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றி முடுக்கினால் பிளைவுட் கிழியாது, ஸ்க்ரூவின் தலையும் தேயாது. மிச்சப்படும் பணத்தைப் பிட்டுகளில் போடுங்கள். நூறு துண்டுகள் அடங்கிய அலங்காரப் பெட்டியைவிட, கார்பைடு முனை கொண்ட நல்ல சுவர் பிட் இரண்டும், இரும்புக்கான ஹெச்.எஸ்.எஸ். பிட் நான்கைந்தும் பல மடங்கு உழைக்கும்.

கார்ட்லெஸ் கருவி தன் முழுப் பயனைத் தருவது நம் தோட்டங்களில் என்பது என் கருத்து. சொட்டுநீர்க் குழாய் அமைக்கும்போது பி.வி.சி. துணைக் குழாயில் வரிசையாகத் துளையிட்டு, ஒவ்வொன்றிலும் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான கிரோமெட்டைப் பொருத்தி, பக்கக் குழாய்களை இணைக்க வேண்டும். மாந்தோப்பின் நடுவே பிளக் பாயின்ட் ஏது? அங்கே 12 வோல்ட் கருவி ஒன்று, ஹாமரை அணைத்துவிட்டு, கிரோமெட்டுக்கு உரிய அளவு பிட்டோடு பயன்படுத்தப்பட்டால், துளை வட்டமாக விழும், நீர் கசியாது. துளையிடும்போது விழும் சுருளைக் குழாய்க்குள் விடாமல் தட்டி வெளியேற்றுவது முக்கியம். இல்லையென்றால் அது போய்ச் சொட்டுவானை அடைத்துக்கொள்ளும்.

தோட்டமும் இல்லை, மரவேலையும் இல்லை, ஆண்டுக்கு நான்கைந்து துளைகள்தான் என்ற குடும்பத்துக்கு மின்கம்பியுடன் கூடிய 500 அல்லது 600 வாட் இம்பாக்ட் டிரில்லையே (ஹாமர் வசதி உள்ளது) பரிந்துரைப்பேன். பேட்டரி பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் மூப்படையும். கம்பி உள்ள கருவிக்கு அந்தக் குறை இல்லை. எந்தக் கருவியானாலும் சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் நேர் கீழும் துளையிடக் கூடாது. மின்கம்பிக் குழாய் அந்தக் கோட்டில்தான் ஏறி இறங்கும். கண்ணாடியும் முகக்கவசமும் அணியாமல் கான்கிரீட்டில் துளையிடக் கூடாது. சிலிக்கா தூசி நுரையீரலை என்ன செய்யும் என்பதைக் கல்லுடைக்கும் தொழிலாளர் நிறைந்த இம்மாவட்டத்துக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கடைக்காரர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு செங்கல்லும் ஒரு கான்கிரீட் துண்டும் வைத்திருங்கள். வாங்க வருகிறவர் இரண்டிலும் தம் கையாலேயே துளையிட்டுப் பார்க்கட்டும். பொய்யான எண்ணை நம்பி வாங்கியவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, இணையத்தில் வெளியூர் விற்பனையாளரிடம் வாங்கியிருந்தாலும், தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும்.

தங்கள் நாளிதழ் ஆயுத பூஜைக்கு இரண்டு வாரங்கள் முன்பாகவே, வோல்ட், ஆம்பியர்-அவர், பதிவு எண் ஆகிய மூன்றையும் பேட்டரியின் மேல் எங்கே பார்ப்பது என்பதைப் படத்துடன் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். டிரில் விளம்பரங்களை ஏற்கும்போது ஆம்பியர்-அவர் அளவையும் குறிப்பிடுமாறு விளம்பரதாரர்களிடம் தாங்கள் வலியுறுத்தினால், பண்டிகைக்கெனச் சீட்டுக் கட்டிப் பணம் சேர்த்து வைத்திருக்கும் குடும்பங்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.