நெக் பிக்கப் என்று சொல்லி வேறொன்றை அனுப்பியது பற்றி ஐந்தாவது கடிதம்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். நான் கேட்டது கிடாரின் கழுத்துப் பக்கம் மாட்டி, கம்பி அதிர்வை ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் நெக் பிக்கப். எந்த மாடல் என்று திரும்பவும் எழுதப்போவதில்லை. பில் உங்களிடம் இருக்கிறது, செய்ததும் நீங்கள்தான்.

"டோன் அவரவர் ரசனை, பிடிக்கவில்லை என்பதற்காக மாற்றித் தர இயலாது" என்று பதில் போட்டிருக்கிறீர்கள். ஐயா, ரசனை பற்றி நான் புகாரே செய்யவில்லை. என் ரசனைக்குத்தான் தேடி எடுத்தேன். கல்யாணக் கச்சேரியில் வாசிக்கிறவன் நான்; பல கம்பியைச் சேர்த்து கார்டு அடித்தால் ஆறு கம்பியும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். அதற்காகவே அல்னிகோ 2 காந்தம், 7.5 கிலோ ஓம் ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) என்று உங்கள் பட்டியலில் பார்த்து ஆர்டர் போட்டேன். வந்ததை மாட்டினால் ஈரச் சாக்கைப் போர்த்திய மாதிரி சத்தம். மல்டிமீட்டரில் 15.8 கிலோ ஓம் காட்டுகிறது; அத்தனை சுற்றுப் போட்டது பிரிட்ஜ் பக்கம், அதாவது கம்பி முடியும் அடிப்பக்கம் மாட்டுகிற பிக்கப். ஸ்டிக்கரில் மட்டும் நெக்! ஓரத்து இ கம்பி இரண்டும் போல் பீஸுக்கு (கம்பிக்கு ஒன்றாக இருக்கும் காந்த முனைக்கு) மேலே வராமல் உள்ளே தள்ளி நிற்கின்றன. பிரிட்ஜ் பக்கம் கம்பி இடைவெளி கூடுதல், நெக் பக்கம் குறைவு. நெக் பக்கம் கம்பி அகலமாக ஆடும், அங்கே இத்தனை சுற்றுப் போட்டதை வைத்தால் குழையாமல் என்ன செய்யும்? இதை நானா உங்களுக்குப் பாடம் எடுப்பது?

ஏழாவது முறை போன் செய்தபோது பேசியவர் சொன்னது: "முதல்ல உங்க காதை செக் பண்ணுங்க சார்." இருபத்திரண்டு வருஷமாக இந்தக் காதில்தான் சோறு தின்கிறேன். அதோடு விட்டாரா? வால்யூம் குமிழின் பாட் என்கிற மின்தடையை 250கே-க்கு (250 கிலோ ஓம்) மாற்றச் சொன்னார். ஏற்கெனவே மந்தம், 500கே-யை எடுத்துவிட்டு 250 போட்டால் இருக்கிற ட்ரெபிளும் போகும். கடையில் கூட்டுகிறவரைக் கேட்டிருந்தால்கூட இதைச் சொல்லியிருப்பார்.

நேரில் வந்த கதையையும் கேளுங்கள். முதுகில் கிடாரோடு தாம்பரத்தில் ஏறி, பார்க் ஸ்டேஷனில் இறங்கி, ரோட்டைத் தாண்டி மூர் மார்க்கெட்டில் வேறு வண்டி பிடித்து அம்பத்தூர் வந்தால், "இன்னைக்கு ஸ்டாக் எடுக்கிறாங்க, நாளைக்கு வாங்க" என்று வாட்ச்மேன் கேட்டையே திறக்கவில்லை. வரச் சொல்லி மெயில் போட்டது உங்கள் ஆபீஸ்தானே?

ஒயரில் ஈயம் பட்டால் ரிட்டர்ன் இல்லையாம். பற்றவைக்காமல் பிக்கப்பை எப்படிக் கேட்பது, காதில் வைத்தா?

இதனால் மூன்று கச்சேரி போயிற்று. பேரும் போயிற்று, என் வாழ்க்கையே போன மாதிரிதான். தயவுசெய்து சரியான நெக் பிக்கப்பை அனுப்புங்கள், அல்லது ரூ. 9,400-ஐத் திருப்பித் தாருங்கள். பற்றவைத்த கூலி 600 தனி. பத்து நாள் பார்ப்பேன். அதற்குமேல் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். மீட்டர் போட்டோ, ஸ்டிக்கர், உங்கள் மெயில் எல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

நல்ல பதிலை எதிர்பார்த்து,
தாம்பரம் வாடிக்கையாளர்

பி.கு.: பேசுவதற்குத் தயவுசெய்து அந்தக் காது டாக்டரை மறுபடி அனுப்பாதீர்கள்.