ஈசினோபில் ஏன் கூடியது என்று கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

"பையனுக்கு ஈசினோபீலியா இருக்கு" என்று அதை ஒரு வியாதியின் பெயர் போலவே சொல்கிறோம். லேப் ரிப்போர்ட்டை மெடிக்கல் ஷாப்பில் நீட்டி, கொடுத்த அலர்ஜி மாத்திரையைப் போட்டு, இருமல் கொஞ்சம் அடங்கியதும் விட்டுவிடுகிறோம். ரத்தத்தில் ஈசினோபில் ஏன் கூடியது என்று யாரும் கேட்பதில்லை, என் ஆதங்கம் அதுதான்.

ஈசினோபில் ஒரு வகை வெள்ளை அணு. 1879-இல் பால் எர்லிக் என்ற ஜெர்மன் மருத்துவர், இயோசின் என்ற சிவப்புச் சாயம் அதில் ஏறுவதை வைத்து அடையாளம் கண்டார். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500-க்கு மேல் போனால் அதிகம் என்பார்கள். பாக்டீரியாவை மற்ற வெள்ளை அணுக்கள் விழுங்கிவிடும், புழு அவற்றுக்கு ரொம்பப் பெரிசு, அதனால் உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்கள் (ஆன்டிபாடி) புழுவின் மேல் ஒட்டிக்கொள்ள, ஈசினோபில்கள் கூட்டமாக வந்து அதன் தோலில் படிந்து தங்களிடமுள்ள நச்சுப் புரதத்தைக் கொட்டுகின்றன. குடலில் மாஸ்ட் செல்கள் என்ற தற்காப்பு அணுக்கள் ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தை விட்டு, சளியைச் சுரக்க வைத்துப் புழுவை வெளியே தள்ளப் பார்க்கின்றன. தூசிக்கும் மகரந்தத்துக்கும் இதே படை கிளம்பினால் அலர்ஜி. ஆஸ்துமாவில் அந்த நச்சு மூச்சுக்குழாயின் உள்தோலையே புண்ணாக்கும்.

யானைக்கால் நோய் இருந்த எங்கள் பக்கத்தில் இன்னொன்றும் உண்டு. ராத்திரியானால் வறட்டு இருமல், இளைப்பு, ஈசினோபில் 3000-க்கும் மேல். யானைக்கால் புழுவின் குஞ்சுகள் நுரையீரலில் சிக்குவதால் வருவது இது, ரத்தத்தில் தேடினால் பெரும்பாலும் அகப்படாது. பார்க்க ஆஸ்துமா மாதிரியே இருக்கும். டாக்டர் சரியாகக் கண்டுபிடித்து டிஇசி என்ற யானைக்கால் புழு மாத்திரையை மூன்று வாரம் கொடுத்தால் பெரும்பாலும் கேட்கும், கவனிக்காமல் விட்டால் நுரையீரல் தழும்பேறிப் போகும்.

அலர்ஜிக்கும் இளைப்புக்கும் கொடுக்கும் ஸ்டீராய்டு விஷயம்தான் எனக்கு ரொம்பப் பயம். வெறுங்காலோடு மண்ணில் நடப்பவர்களுக்குத் தோல் வழியே ஏறும் ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்ற புழு வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் குடலில் இருக்கும், ஸ்டீராய்டு உள்ளே போனதும் பல்கிப் பெருகி உயிருக்கே உலை வைத்துவிடும். ஸ்டீராய்டு ஈசினோபில் எண்ணிக்கையையும் இறக்கிவிடுவதால் ரிப்போர்ட் நல்லபடியாகவே தெரியும்! சீட்டு இல்லாமல் அதை விற்பதை அதிகாரிகள் தடுத்தே ஆக வேண்டும். ரிப்போர்ட்டில் ஈசினோபில் கூடியிருந்தால் டாக்டரிடமே போய், மலப் பரிசோதனை வேண்டுமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். உங்கள் மருத்துவப் பக்கத்தில் இதை ஒரு டாக்டரைக் கொண்டு விரிவாக எழுதச் சொன்னால் நல்லது.

வாசகர், கும்பகோணம்