பிபரிக்குப் பெரிய பேருந்து வேண்டாம்

லண்டனிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் பிபரி என்ற இந்தச் சிறு ஆங்கிலக் கிராமத்துக்கு ஆட்களை அழைத்து வரும் தமிழ்ச் சுற்றுலா ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். இங்கே ஆற்றோரம் சுற்றுலாக் கூட்டத்தால் நடக்கும் கூத்தை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கூட்டத்தின் நடுவில் கொடியைத் தூக்கிப் பிடித்து நிற்பதே நீங்கள்தானே. அதனால் நேரே கேட்கிறேன்: ஐம்பது பேர் உட்காரும் பேருந்தை இந்த ஊருக்குள் கொண்டுவராதீர்கள்.

நான் வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பார்த்துக்கொள்கிறேன். போன ஞாயிறு பன்னிரண்டரைக்கு ஒரு பெரியவருக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும். காலையில் இன்சுலின் போட்டவர், சாப்பாடு தள்ளிப்போகக் கூடாது. பாலத்து வளைவில் உங்கள் பேருந்து திரும்ப முடியாமல் குறுக்கே நின்றது. எதிரே இன்னொன்று. காரை நடுத்தெருவில் விட்டுவிட்டு இறங்கவும் முடியாது. போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று இருபது. கை நடுங்க, பிஸ்கட் பொட்டலத்தைப் பிரிக்க முடியாமல் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே ஒருவர் கைபேசியை உயர்த்தி வீட்டுக்குள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

நீங்கள் காட்ட வரும் ஆர்லிங்டன் ரோ என்ற பழைய வீட்டு வரிசை, 1380இல் ஆட்டு ரோமம் சேமிக்கக் கட்டிய கிடங்கு. 17ஆம் நூற்றாண்டில் அதை நெசவாளர் வீடுகளாக மாற்றினார்கள். நெய்த துணியை எதிரிலுள்ள ராக் ஐல் என்ற ஈரப் புல்வெளியில் கட்டி உலர்த்தினார்கள். ஆட்டுக்கும் குதிரை வண்டிக்கும் போதுமான ஊர் இது. 19ஆம் நூற்றாண்டுக் கலைஞர் வில்லியம் மோரிஸ் இதை இங்கிலாந்தின் மிக அழகான கிராமம் என்றதை மைக்கில் சொல்கிறீர்கள். அவர் காலத்தில் உங்கள் பேருந்து இல்லை! இந்தத் தெருவின் படம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டின் உள் அட்டையில்கூட இருந்தது. அதற்காகப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் எல்லாரும் ஒரே ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து சரிபார்க்க வேண்டுமா? நாற்பது நிமிடம், ஒரு ஐஸ்கிரீம், இருபது செல்ஃபி. அப்புறம் ஊர்க்காரர் கதவைத் தட்டிக் கழிப்பறை கேட்பது. நெரிசலில் நிற்கும் நேரத்துக்கு எங்களைப் போன்ற பராமரிப்பாளர்களுக்குச் சம்பளமும் கிடையாது. அது வேறு கதை.

சரி, கோபத்தில் நீட்டிவிட்டேன், மன்னியுங்கள். யாரையும் வரவேண்டாம் என்று சொல்லவில்லை. பெரிய பேருந்தைப் பக்கத்து நகரமான சைரன்செஸ்டரில் நிறுத்திவிட்டுச் சிறிய வேன்களில் அழைத்து வாருங்கள். அந்த ஏற்பாடு ஆகும்வரை, மதியம் பன்னிரண்டிலிருந்து ஒன்று வரையாவது பாலத்துப் பக்கம் வராதீர்கள். தயவுசெய்து.

இப்படிக்கு,
பிபரியில் வேலை பார்க்கும் ஒரு பராமரிப்பாளர்