விளக்கைச் சுற்றும் பூச்சி

மண்டபம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே நலம். வாடை தொடங்கிவிட்டது, மழையும் விட்டுவிட்டுப் பெய்கிறது. அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை.

"பூச்சி ஏன் தாத்தா லைட்டையே சுத்துது?" என்று உன் மகள் போனில் கேட்டாள். பாதியில் லைன் போய்விட்டது. இதைப் படித்துக் காட்டு.

மேல் எது, கீழ் எது என்று பூச்சி எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதில்தான் விஷயம். அதற்கு முதலில் இறாலைச் சொல்லிவிடுகிறேன். அதன் குட்டை மீசைக்கு அடியில் சின்னப் பை, உள்ளே மணல் துகள், சுற்றிலும் மென்மயிர். துகள் எந்தப் பக்கம் அழுத்துகிறதோ அதுதான் கீழ்ப்பக்கம். சட்டை உரிக்கும்போது மணலும் போய்விடும்; புதிதாக எடுத்துப் போட்டுக்கொள்ளும். 1893இல் வியன்னாவில் கிரெய்டல் என்பவர் மணலுக்குப் பதிலாக இரும்புத்தூளை வைத்தார். இறால் அதையே எடுத்துக்கொண்டது. மேலே காந்தத்தைப் பிடித்ததும் மல்லாந்துவிட்டது! வகுப்பில் இதைச் சொன்னால் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும்.

பூச்சிகளில் பெரும்பாலானவற்றுக்கு அப்படியொரு பை கிடையாது. தன் உடம்பின் எடையே அதற்கு மணல். சுவரில் இறங்கும் எறும்பைக் காட்டு. தலை கீழே இழுக்க, கழுத்து மூட்டில் இருக்கும் மயிர்கள் மடங்கும். இடுப்பிலும் கால் மூட்டுகளிலும் அதே ஏற்பாடு. இருட்டுக் கூட்டில், செங்குத்தான அடையில் தேனீ ஆடிக்காட்டி, பூ சூரியனுக்கு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று சொல்வதும் இதை நம்பித்தான்.

பறக்கும்போதுதான் வம்பு. சட்டென்று திரும்பினால் உடம்பு எங்கெங்கோ இழுபடும். எடை எது, இழுப்பு எது என்று பிரித்தறிவது கஷ்டம். ஆகவே வெளிச்சத்தைப் பிடித்துக்கொள்கிறது. இரவிலும் வானம் தரையைவிட வெளுப்பு. அதற்கு முதுகைக் காட்டினால் நேராகப் பறக்கலாம். நம்ம தெருவிளக்கு நடுவில் வந்து கெடுக்கிறது. பூச்சி விளக்குக்கு முதுகைக் காட்டிச் சாய்கிறது, சாய்ந்தபடியே வட்டமடிக்கிறது. விளக்குக்கு மேலே போய்விட்டாலோ மல்லாந்து பொத்தென்று விழும். 2024இல் வெளியான ஓர் ஆய்வில் அதிவேகக் கேமராவில் பிடித்துக் காட்டியிருக்கிறார்கள். விட்டில் ஆசைப்பட்டு விழுகிறது என்பதெல்லாம் கவிஞர்கள் பாடு.

எல்லாமே ஏமாறுவதில்லை. நம்ம வாசல் அரளியை மொட்டையடிக்கும் பச்சைப்புழு அந்துப்பூச்சியாகுமே, அது அந்தச் சோதனையில் விளக்குக்கு மேலேயும் புரளாமல் பறந்தது.

வெளிச்சம் கீழே மட்டும் விழுந்தால் குழப்பம் குறைவாம். திண்ணை பல்புக்குத் தகர மூடி போடச் சொல்லியிருக்கிறேன். கூனிக்கருவாடு பார்சல் போட்டிருக்கிறது, வந்ததும் போன் பண்ணு.

அன்புடன்,
அப்பா