ஓவன் துப்பாக்கி சேற்றிலும் சுட்டது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆஸ்திரேலியாவின் ஓவன் சப்மெஷின் கன் (கைத்துப்பாக்கித் தோட்டாவைத் தொடர்ந்து சுடும் சிறு இயந்திரத் துப்பாக்கி) பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை படித்தேன். 1941 சோதனையில் தாம்சன், ஸ்டென் என்ற மற்ற சப்மெஷின் கன்கள் சேற்றிலும் மணலிலும் திணற, ஓவன் தொடர்ந்து சுட்டது உண்மைதான். ஆனால் அதற்கு ‘உறுதியான இரும்பு’ காரணம் என்று எழுதியிருப்பது தவறு. காரணம் அதன் அமைப்பு. பழைய ஓவனை இன்று சுட்டுப் பார்க்கும் முன் எதைச் சோதிக்க வேண்டும் என்பதையும் அந்த அமைப்பே தீர்மானிக்கிறது.

ஓவனின் மேகசின் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) மேலே செங்குத்தாக நிற்கும், சுட்ட தோட்டாவின் காலிக்கூடு கீழே விழும். உள்ளே புகுந்த மண்ணும் அந்த வழியாகவே கொட்டிவிடும். உருளையான உடலுக்குள் ஒரு தடுப்புச்சுவர் உண்டு. போல்ட் (தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி வெடிக்கவைக்கும் உலோகக் கட்டை) முன்னறையில் ஓடும், அதை இழுக்கும் கைப்பிடி பின்னறையில் ஓடும். கைப்பிடிக்கான பிளவு வழியே சேறு நுழைந்தாலும் போல்ட்டை எட்டாது. மேகசின் பார்வையை மறைப்பதால் குறிபார்க்கும் பாகங்களை வலப்புறம் தள்ளி வைத்தார்கள். இதற்காக அந்தச் சிறு சங்கடத்தை ஏற்கலாம்.

இந்தத் துப்பாக்கிக்குப் பெயர் தந்த ஈவ்லின் ஓவன் 1939இல் ராணுவத்திடம் காட்டிய .22 அங்குல மாதிரி இதுவல்ல. அது ரிவால்வர்போலச் சுழலும் மேகசினும் கட்டைவிரலால் அழுத்தும் விசையும் (டிரிக்கர்) கொண்டது. ராணுவம் அதை ஏற்கவில்லை. போர்ட் கெம்ப்ளாவில் லைசாட் ஆலையின் மேலாளர் வின்சென்ட் வார்டெல் ஆர்வம் காட்டிய பிறகே 9 மி.மீ. வடிவம் உருவானது. சுமார் 45,000 செய்யப்பட்டன.

இனி சுடும் விஷயம். போல்ட் பின்னால் நிற்கும் நிலையிலிருந்து சுடும் துப்பாக்கி இது. சுடுவதற்கு முன் தோட்டா அறை (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் இடம்) எப்போதும் காலியாகத்தான் இருக்கும், ஆகவே அறையை மட்டும் பார்த்துவிட்டுப் பயமில்லை என்று நினைக்கக் கூடாது. முதலில் மேகசினைக் கழற்ற வேண்டும். பிறகு முன்புறக் குமிழை இழுத்தால் குழல் தனியே வரும், போல்ட்டும் ஸ்பிரிங்கும் முன்வழியாகவே வெளிவரும். குழலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே வளையமாக ஒரு நிழல் தெரிந்தால் குழல் உப்பியிருக்கிறது, அதோடு சோதனையை நிறுத்திவிட வேண்டும்.

பலர் கவனிக்காதது கிரீஸ். பல்லாண்டு கிடங்கில் இருந்த துப்பாக்கியில் அது பிசினாக இறுகி போல்ட்டின் வேகத்தைக் குறைக்கும். வீரியம் குறைந்த தோட்டாவும் அதையே செய்யும். அப்போது போல்ட், தன்னைப் பிடித்து நிறுத்தும் கொக்கிவரை பின்வாங்காது. ஆனால் அடுத்த தோட்டாவை எடுக்கும் அளவு வந்துவிடும். விளைவு, விசையை விட்ட பிறகும் சுட்டுக்கொண்டே போகும். கொக்கி தேய்ந்திருந்தாலும் இதே கதைதான். ஓவன் நிமிடத்துக்கு ஏறக்குறைய 700 சுற்று சுடும். 33 தோட்டா மேகசின் மூன்றே வினாடியில் தீர்ந்துவிடும். அப்படி நேர்ந்தால் துப்பாக்கியைக் கீழே போடவே கூடாது, இலக்கை நோக்கியே இறுகப் பிடித்திருக்க வேண்டும்.

அதனால்தான் முதல் சுடுதல் கையில் வேண்டாம். தாங்கியில் பூட்டி, தள்ளி நின்று கயிற்றால் விசையை இழுக்க வேண்டும். முதலில் ஒரே தோட்டா. அடுத்து ஒற்றைச் சுடு நிலையில் இரண்டு தோட்டா, அதில் ஒன்றுதான் வெடிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் இலக்குத் தாளில் துளை விழுந்ததா என்று பார்க்க வேண்டும். சத்தம் மந்தமாகக் கேட்டால் குண்டு குழலிலேயே சிக்கியிருக்கலாம், அடுத்த தோட்டா குழலைப் பிளந்துவிடும்.

மேகசினையும் சொல்ல வேண்டும். காலிக்கூட்டை உதைத்துத் தள்ளும் பாகம் ஓவனில் மேகசினோடு சேர்ந்தது. வேறு மேகசினைப் பொருத்தமாக்கிச் செருகினால் முதல் குண்டு போகும், கூடு வெளியேறாமல் மாட்டிக்கொள்ளும். எஞ்சியுள்ள ஓவன்களைச் சேற்றில் முக்கி அந்தச் சோதனையை மறுபடி படம்பிடிக்க நினைப்பவர்களுக்கு என் வேண்டுகோள்: அதற்கு மேகசின்களின் நகல் செய்து பயன்படுத்துங்கள், அசல் மேகசின்களை விட்டுவிடுங்கள்.

– வாசகர், சிட்னி